நாச்சிமுத்து போடாத கையெழுத்து

ஒரு கையெழுத்து வாங்குவதற்காகக் கடல் தாண்டிப் போன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். மலேசியாவில், பினாங்கில் புள்ளியியல் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பத்தொரு வயதில், ஒருவழியாக முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தேன். அதன் மூன்றாம் அத்தியாயம் மட்டும் கூட்டு வேலை. கூட்டாளி நாச்சிமுத்து, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார், என் வயதுக்காரர். மூன்று வருஷமாகக் கடிதத்திலேயே பழக்கம், முகம் பார்த்ததில்லை.

கூட்டாளியானவர் ‘இதைச் சரிபார்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. படிவத்தை நான்கு முறை தபாலில் அனுப்பினேன். நான்கு முறையும் பதில் வந்தது. என் அம்மாவின் மூட்டுவலி, பினாங்கு மழை, என் உடம்பு எல்லாவற்றையும் விசாரித்திருந்தார். படிவம் மட்டும் வரவில்லை. ஜூலைக்குள் ஆய்வேடு போகாவிட்டால் என் வேலை அந்த வருஷமும் நிரந்தரமாகாது. பொறுமை என்பது எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. என் பழைய கடித உறை ஒன்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் குடை.

“வாங்க மேடம், வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?”

ஜூன் மாதத்து இந்தியாவில் வெந்து போவாய் என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். இங்கேயோ பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது, சாரல் வேறு. சிங்காநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பினாங்கில் கண்டக்டர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இங்கே படியில் தொங்கிய ஒருவரைக் கண்டக்டர் அதட்டியது இப்படி: “உசுரு உங்குளுதுங்க, பஸ்ஸு எங்குளுதுங்க. கொஞ்சம் உள்ள வாங்க.” திட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். இந்த ஊரில் கோபப்படுவதற்கு என்னதான் செய்வார்கள் என்று யோசித்தேன்.

வீட்டில் அவர் மனைவி சரஸ்வதி அரிசியும் பருப்பும் சோறு செய்து வைத்திருந்தார். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, மேலே நெய். எங்கள் பக்கம் ஈப்போவில் கல்யாண வீடுகளில் பதினெட்டு வகை சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு வகைக்கு அவை ஈடாகாது. “இன்னொரு கரண்டி போட்டுக்குங்க அம்மணி, அங்க என்னத்தச் சாப்பிடறீங்களோ” என்று சரஸ்வதி சொல்லச் சொல்லத் தின்றேன்.

சாப்பிட்டதும் படிவத்தை எடுத்து நீட்டினேன். நாச்சிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். “நல்ல கெட்டிக் காகிதமுங்க” என்றார். பிறகு அதை அலமாரியில் இருந்த பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். “நாளைக்குப் போட்டுரலாமுங்க.”

மறுநாள் காலையில் தேங்காய்ப்பாலோடு சந்தகை. எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு அக்கா முறை, இன்னும் மெல்லிசு. தட்டைக் கழுவியதும் படிவத்தைக் கேட்டேன். “இன்னைக்கு அஷ்டமிங்க மேடம்” என்றார். சமையலறையிலிருந்து சரஸ்வதி எட்டிப் பார்த்தார். “இவரு என்னைக்கு அம்மணி அஷ்டமி பாத்தாரு?” நாச்சிமுத்து குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கல்லூரிக்கு அழைத்துப் போனார். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. உள்ளே நான்கு மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை.

என் வேலை என்ன என்பதை இங்கே ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். எந்தத் தோட்டம், என்ன நோய், என்ன வயது என்று மூன்று விதமாகப் பிரித்த ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்த கூட்டுத்தொகைகளும் இருக்கின்றன. அதே கூட்டுத்தொகைகளைத் தரும் அட்டவணைகள் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கலாம். நம் கையில் இருப்பது அவற்றில் சாதாரணமான ஒன்றா, அபூர்வமான ஒன்றா? எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து, கூட்டுத்தொகை கெடாமல் அட்டவணையை மாற்றிக்கொண்டே போக வேண்டும், சீட்டுக் கலைக்கிறது போல. நன்றாகக் கலைந்த பிறகு எடுக்கும் அட்டவணைதான் எங்கள் மாதிரி, அதாவது சாம்பிள். எட்டுக் கட்டங்களை மட்டும் தொடுகிற சின்ன மாற்றங்களே போதும், அவற்றைக் கொண்டே எந்த அட்டவணையிலிருந்தும் எந்த அட்டவணைக்கும் போய்விடலாம் என்று என் மூன்றாம் அத்தியாயம் அடித்துச் சொன்னது. போக முடியாத அட்டவணை ஒன்று இருந்தாலும் மாதிரி பொய், ஆய்வேடும் பொய்.

நாச்சிமுத்து இதற்குள் வேறு வாசல் வழியாக வந்தவர். அவருக்கு எண்கள் மேல் ஆசை கிடையாது. பல்லுறுப்புக் கோவைகள்தான் அவர் சொத்து. ஒவ்வோர் அட்டவணையையும் கோவையின் ஓர் உறுப்பாக எழுதுவார். ஒரு மாற்றம் என்பது ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்பைக் கழித்தது. மாற்றங்கள் போதுமா என்று நான் கேட்பதும், அந்தச் சில கோவைகளிலிருந்து மற்ற எல்லாவற்றையும் உண்டாக்க முடியுமா என்று அவர் கேட்பதும் ஒரே கேள்வி. இயற்கணித வடிவியல்காரர்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. எங்கள் புள்ளியியல் ஆட்களுக்கு அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. எங்கேயோ ஒரு பத்திரிகையில் என் சிறு கட்டுரையைப் பார்த்துவிட்டு, “தாங்கள் எண்ணுவதைத்தான் நான் பெருக்குகிறேன் என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தார். அப்படித் தொடங்கிய சிநேகம்.

என் நிரலை மெஷினில் ஏற்றினேன். “சும்மா ஒரு குட்டி அட்டவணை போட்டுப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டு, ஆறு ஒன்றுகளையும் மற்றபடி பூஜ்யங்களையும் அவரே தட்டினார். ஓடவிட்டோம். சுற்றுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அட்டவணை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அப்போதும் அப்படியே.

“என்ன இது?” என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உறையை எடுத்து மெஷினைப் போர்த்தினார். “மெஷினுக்கு வயசாயிருச்சுங்க.”

நான் நம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் நவமியாம். “ஊருக்குப் போயிட்டு வந்து ஒரேயடியாப் போட்டுரலாமுங்க” என்று சென்னிமலைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஊருக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் பஸ் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். பெட்ஷீட் மூட்டையோடு வந்த ஒரு சென்னிமலை வியாபாரி, நான் தரையில் உட்காரத் தயங்கியதைப் பார்த்துப் புதுப் போர்வை ஒன்றைப் பிரித்து விரித்துவிட்டார். வேண்டாம் என்றேன். “மண்ணுதானுங்க, தட்டுனாப் போயிரும். உங்க தமிழ் ஒரு தினுசா நல்லா இருக்குங்களே, எந்த ஊருங்க?” மலேசியா என்றதும் மரத்தடியே என் பக்கம் திரும்பியது. அங்கே வெயில் உண்டா, மாடு உண்டா, மஞ்சள் விளையுமா என்று டயர் மாட்டி முடிக்கும் வரை கேட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் தள்ளி நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவம் என் கைப்பையில் இருந்தது. காலையில் பஞ்சாங்கத்திலிருந்து நானே உருவி எடுத்து வந்திருந்தேன்.

ஊரில் அவருடைய அண்ணன் பழனிச்சாமி பண்ணையம் பார்த்தார். கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்கு, அதாவது அவர்கள் வயலுக்கு, போனோம். பங்காளிகள் மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு கிணறு. பழனிச்சாமி, குப்புசாமி, ராமசாமி. பெயர் வைத்தவர்களுக்குச் சாமியை விட்டால் வேறு நினைப்பில்லை போலிருக்கிறது. தண்ணீர் பாய்ச்ச முறை உண்டு: காலை ஒருவர், மத்தியானம் ஒருவர், சாயங்காலம் ஒருவர். காலையை அவர்கள் வெடியால என்றும் சாயங்காலத்தைப் பொழுதோட என்றும் சொன்னார்கள். இரண்டு நாளைக்கு ஒரு சுற்று. யாருக்கு எந்த இரண்டு நேரம் என்பது பாகம் பிரித்த பத்திரத்திலேயே எழுதியிருப்பதால் அது மாறக் கூடாது. மஞ்சள் நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. முறை தவறினால் காய்ந்துவிடும்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது குப்புசாமி வந்தார்.

“ஏனுங்ணா, நாளைக்கு மத்தியானம் புள்ளையப் பாக்க வாராங்க. ஊட்டு ஆளுக அத்தன பேரும் அங்க நிக்கோணும். நாளைக்கு மட்டும் என்ற முறையப் பொழுதோடக்கி மாத்திக்கலாமுங்களா?”

“பொழுதோட ராமசாமியோட முறையாச்சே” என்றார் பழனிச்சாமி. அதோடு பேச்சு நின்றுவிட்டது. குப்புசாமியும் ராமசாமியும் ஒரு வேப்பமரத்தைப் பங்கு பிரித்ததில் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை என்று நாச்சிமுத்து எனக்கு மெதுவாகச் சொன்னார்.

எனக்குச் சும்மா இருக்க வருமா? “இதில் என்ன கஷ்டம்?” என்றேன். “நாளைக்கு நீங்களும் ராமசாமியும் மாத்திக்குங்க. நாளன்னிக்கு அதையே திருப்பி மாத்திட்டா யாருக்கும் பங்கு குறையாது.” என் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் பேச்சுத் தமிழில் சொல்லியிருந்தேன்: இரண்டு பேர், இரண்டு நேரம், இரண்டு நாள், ஆக எட்டுக் கட்டம்.

“நல்ல யோசனைங்க அம்மணி” என்றார் பழனிச்சாமி.

“ரொம்ப நல்ல யோசனைங்க” என்றார் குப்புசாமி.

ஒருவரும் அசையவில்லை. இருவரும் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை நல்ல யோசனையை ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று கோபம் வந்தது. ஒரு கரித்துண்டை எடுத்து மோட்டார் அறைச் சுவரில் எழுதிக் காட்டினேன். பழனிச்சாமிக்கு நாளைக்குக் காலை, மறுநாள் மத்தியானம். குப்புசாமிக்கு நாளைக்கு மத்தியானம், மறுநாள் சாயங்காலம். ராமசாமிக்கு நாளைக்குச் சாயங்காலம், மறுநாள் காலை.

நாளைக்குக் குப்புசாமியையும் ராமசாமியையும் மாற்றினேன். மறுநாள் திருப்பி மாற்ற ராமசாமியிடம் மத்தியானம் இருக்க வேண்டும். இல்லை, அது பழனிச்சாமியிடம் இருந்தது. சரி, அவரோடு மாற்றினால் அவர் பங்கு கோணியது. அதை நிமிர்த்தினால் இன்னொருவருடையது கோணியது. எந்த இரண்டு பேரைப் பிடித்தாலும் மூன்றாமவர் இடித்தார். ஒரே ஒரு வழிதான் இருந்தது: மூன்று பேரும் ஒரே சமயத்தில், நாளைய முறை முழுவதையும் மறுநாள் முறையோடு மாற்றிக்கொள்வது. படிப்படியாக அங்கே போய்ச் சேரவே முடியாது.

ஆறு ஒன்றுகள். முந்தின நாள் கம்ப்யூட்டரில் நாச்சிமுத்து தட்டிய அட்டவணை இதுவேதான். மெஷினுக்கு வயசாகவில்லை. என் அத்தியாயம்தான் தப்பு.

கரித்துண்டைக் கீழே போட்டேன். இவர்கள் இருவரும் என் யோசனையை நல்லது என்று சொன்ன அதே குரலில்தானே மூன்று வருஷமாக எனக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“எப்ப இருந்து தெரியும்?” என்று நாச்சிமுத்துவைக் கேட்டேன்.

“ஆவணியில இருந்துங்க.”

“பத்து மாசம்! ஏன் எழுதலை?”

“எழுதினேனுங்களே மேடம். மூணாம் அத்தியாயத்த இன்னொருக்கா பாத்துக்குங்கன்னு.”

“அதை நீங்க எல்லாக் கடிதத்திலயும்தான் எழுதுவீங்க!”

“அந்தக் கடுதாசில ரெண்டு தடவ எழுதியிருந்தேனுங்க” என்றார், மிகவும் வருத்தத்தோடு.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அண்ணனும் குப்புசாமியும் நாசூக்காக விலகித் தென்னை மரத்துப் பக்கம் போய்விட்டார்கள். இதற்காக விமானம் ஏறி வந்தேனே, அஷ்டமி நவமி என்று அலைக்கழித்தீர்களே, பரீட்சகர்கள் முன்னால் இது உடைந்திருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன் என்று கேட்டேன். அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“கையெழுத்துப் போடவும் மனசு வரலீங்க. முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்லவும் வாய் வரலீங்க. தனி ஆளா இருந்து இத்தன வருசம் உழைச்சிருக்கீங்க. என்ற வாயால எப்படிங்க சொல்றது?”

“உங்க வாயாலதான் சொல்லணும். அதுக்குப் பேர்தான் கூட்டாளி.”

கோபம் தணியாமல் நேரே ராமசாமியின் வீட்டுக்கு நடந்தேன். மூவரும் ஒரே சமயத்தில் மாறாவிட்டால் நாளைக்குப் பெண் பார்க்க வருவது கெட்டுப் போகும் என்று பட்டென்று சொன்னேன். வெளியூர்க்காரியின் மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இதக் கேக்கறதுக்கு மலேசியாவுல இருந்து ஆள் வரோணுமுங்களா? அந்தப் புள்ள என்ற மடியில வளந்த புள்ளைங்க. பொழுதோட முறைய அவுங்களே எடுத்துக்கட்டும்.” அரை மணி நேரத்தில் முறை மாறியது. ஒருவர் வந்து கேட்டால் போதும் என்று மற்றவர் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்காம் நாள் காலையில் சென்னிமலைக் கடைவீதியில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் மேற்பார்வையாளரை அழைத்தேன். அவர் பினாங்குச் சீனர், சுருக்கமாகப் பேசுகிறவர். மூன்றாம் அத்தியாயம் தப்பு, ஆய்வேட்டை இப்போது கொடுக்க முடியாது என்றேன். “அந்த நிரந்தரப் பதவி இந்த வருஷம் உனக்கு இல்லை என்று அர்த்தம், தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். பிறகு, “எதிர் உதாரணம் எவ்வளவு பெரியது?” என்று கேட்டார். “ஒரு கிணறு அளவு” என்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அந்தப் பதவிக்காக ஆறு வருஷம் காத்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். கடைவீதியில் யாரும் என்னைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டார்கள். அந்த மரியாதைக்கு மட்டும் நன்றி சொல்லத் தோன்றியது.

அன்று மத்தியானம் நாச்சிமுத்து ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று அட்டவணைக்கு வேண்டிய மாற்றங்கள் எல்லாவற்றையும் கையாலேயே கோவைகளாக எழுதியிருந்தார். சின்ன மாற்றங்கள் இருபத்தேழு, கிணற்று மாற்றம் போன்ற பெரியவை ஐம்பத்துநான்கு. மொத்தம் எண்பத்தொன்று, இதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் கணிப்பு. நிரூபணம் இல்லை. இந்த நோட்டை எனக்கு அனுப்பினால் என் தப்பைச் சொன்னது போலாகிவிடும் என்று பத்து மாதமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தாராம்! மறுபடியும் கத்தத் தோன்றியது. ஆனால் ஏழாம் பக்கத்துக்கு வந்தபோது கத்துவதை மறந்துவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த மத்தியானமும் மறுநாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தோம். எண்பத்தொன்றும் போதும் என்பதற்கு ஒரு நிரூபணத்தை ஐந்து பக்கத்தில் நான் எழுதினேன். எழுதியது என் வேகத்தில், அதாவது அவசரமாக.

ஆறாம் நாள் ஈரோட்டில் ரயில். ஊரே மஞ்சள் வாசனை. பிளாட்பாரத்தில் மூட்டைகளுக்கு நடுவே நின்று அவர் என் ஐந்து பக்கங்களின் நகலைப் படித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

“எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குங்க மேடம்” என்றார். “ரொம்ப நல்லா இருக்குங்க.”

என் மனசு விழுந்துவிட்டது. வண்டி நகர்ந்தது. அவர் கைகூப்பினார். நானும் கூப்பினேன். அவர் பின்னால் போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காகிதங்களை உயரப் பிடித்துக்கொண்டு, நாச்சிமுத்து ஓடி வந்துகொண்டிருந்தார்.

“மேடம்! இல்லீங்க! மூணாவது பக்கம் தப்புங்க!” பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்கியது அவருக்கு. “சுத்தமாத் தப்புங்க!”

பிளாட்பாரம் முடிந்துவிட்டது. எதிர் சீட்டில் மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு இருந்த அம்மாள் நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, “ஏனுங்க அம்மணி, சண்டைங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன். “இப்பத்தான் சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பிச்சிருக்கோம்.”

மூன்றாவது பக்கத்தை எடுத்து மடியில் விரித்தேன். சேலம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். சுத்தமாகத் தப்புதான்.